தட்டுமுட்டுப் பெட்டிக்காரர்

எங்கள் ஏலக்கூடத்தில் ஏலம் கூறுகிறவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அங்கே முக்கியமான ஆள் வேறு யாரோ என்று நினைத்துவிடுவீர்கள். மேடையில் நிற்பது நான், சுத்தியலைத் தட்டுவது நான், தொண்டை கிழியக் கத்திவிட்டு வெந்நீர் குடிப்பதும் நானே. என்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பாதியில் நிறுத்த மனசு வராது என்பதால், பின்கட்டில் வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவரை நாங்கள் தட்டுமுட்டு என்போம். நேரில் அண்ணே என்போம்.

யாராவது வீட்டைக் காலி செய்தாலோ கடையை மூடினாலோ சாமான்கள் எங்களிடம் வந்து சேரும். கட்டில், பீரோ, கடிகாரம் எல்லாம் தனித்தனியாக ஏலம் போகும். கடைசியில் ஒரு குவியல் மிஞ்சும். பூட்டு இல்லாத சாவி, பானை இல்லாத மூடி, ஒற்றைக் காதணி, பாதி எரிந்த மெழுகுவத்தி, எதற்கென்றே தெரியாத திருகாணி. தட்டுமுட்டுச் சாமான். அதைப் பெட்டி பெட்டியாகக் கட்டி ஏலத்துக்கு அனுப்புவதுதான் அண்ணனின் வேலை. மற்ற ஏலக்கூடங்களில் இந்த வேலைக்கு ஆளே கிடையாது. பெருக்குகிறவர் முறத்தால் வாரிப் பெட்டியில் கொட்டுவார், அத்தோடு சரி.

முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தார். படித்ததற்கு ஏதாவது செய்தாக வேண்டுமே, ஏலப் பட்டியலை இங்கிலீஷில் அச்சடித்தார். அண்ணனின் பெட்டிகளுக்கு நேராக 'ஆட்ஸ் அண்ட் எண்ட்ஸ்' என்று போட்டிருந்தது. அண்ணன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, இதுக்கு என்ன அர்த்தம்?"

எனக்குத் தெரியாதது உலகத்தில் கொஞ்சம்தான். "ஆட்ஸ்னா ஜோடி இல்லாதது. எண்ட்ஸ்னா மிச்சம் மீதி. துணிக்கடையில ஒரு கட்டு தீர்ந்ததும் கடைசியில சின்னத் துண்டா ஒண்ணு மிஞ்சுமே, அதுலேர்ந்து வந்த பேச்சுன்னு சொல்றாங்க. மொத்தத்துல, உங்க பெட்டியில இருக்கிற குப்பைண்ணே."

அவர் பட்டியலை மடித்தார். "அந்தத் துண்டு எவ்வளவு நீளம் இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? ஒரு முழம்னு வச்சுக்கங்க."

"ஒரு முழம்னா தலையணை உறை ஒண்ணு தைக்கலாமே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த மனிதரிடம் கிண்டல் செய்வது சுவரில் தலையை முட்டிக்கொள்கிற வேலை. ஆனாலும் நான் இருபது வருடமாக விடாமல் செய்துகொண்டிருந்தேன்.

அவர் முதலில் சுமை தூக்கத்தான் வந்தார். ஒரு பீரோ இடுப்பில் இறங்கியதில் தூக்குகிற வேலை போய், மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பிரிக்கிற வேலை வந்தது. வேறு ஒருவராக இருந்தால் சம்பளத்தை வாங்கிக்கொண்டு தூங்கியிருப்பார். இவர் அந்தக் குவியலோடு சம்பந்தம் பேச ஆரம்பித்துவிட்டார். தட்டையான பொருள் அடியில். கண்ணாடி என்றால் காகிதத்தில் சுற்றி நடுவில். சாவிகள் நீளவாரியாகக் கயிற்றில் கோத்து ஓரத்தில். பொத்தான்கள் நிறம் பார்த்துச் சின்னச் சின்ன சீசாக்களில். ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டினாலும் உள்ளே சத்தம் வராது. பிறகு மூடியைச் சாத்தி, இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டி, அந்த மூடிக்கு மேலே நல்ல பொருள் ஒன்றைத் தனி நூலால் கட்டுவார். ஒரு பித்தளைக் குவளையோ, ஓடாத மேஜைக் கடிகாரமோ, பீங்கான் பறவையோ. அதற்கு 'முகம்' என்று பேர். முகம் இல்லாத பெட்டியை ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். அதை வைத்துத்தான் நான் விலையை ஏற்றுவேன்.

"முகத்தைப் பார்த்து வாங்கறாங்கண்ணே. அடியில எதையோ போட்டு மூடுங்களேன்," என்று நூறு தடவை சொல்லியிருப்பேன்.

"வாங்கறது முகத்துக்காக இருக்கட்டும் தம்பி. வீட்டுக்குப் போய்த் திறப்பாங்க இல்ல? அப்ப ஒரு திருகாணி தேவைப்படும். இருக்கும்."

இதுதான் அவருடைய கொள்கை. தான் அனுப்பிய ஒவ்வொரு திருகாணியும் எங்கேயோ ஒரு கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அந்த மனிதர் உள்ளபடியே நம்பினார். அந்த நம்பிக்கையைத் தவிர அவர் வேலைக்கு வேறு கூலியில்லை. சம்பளம் என்று முதலாளி கொடுத்தது அந்தப் பேருக்கு லாயக்கானதல்ல.

வாங்குகிறவர்களில் ஒரு அம்மாள்மேல் அவருக்குத் தனி மரியாதை. மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருவார். கையில் முப்பத்தொன்று என்று எண் போட்ட அட்டை. ஒன்பது வருடமாக மாதம் தவறாமல் ஒரு பெட்டி. அண்ணன் அவருக்கு ஒரு முழு வாழ்க்கையையே தயார் செய்து வைத்திருந்தார். "அந்தம்மா எல்லாத்தையும் பழுது பார்த்துத் தெருவுல இருக்கிறவங்களுக்குக் கொடுப்பாங்கன்னு நினைக்கிறேன். இல்லன்னா மாசம் ஒரு பெட்டி எப்படிச் செலவாகும்?" சில மாதம் அவரை மனதில் வைத்துக்கொண்டே பெட்டி கட்டுவார். போன தடவை ஊசி கம்மியாப் போச்சு என்று கவலைப்படுவார். அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எங்கள் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. மேஜைமேல் இருப்பது மேஜையோடது. எப்போதோ ஒருவர் "அது என் சொந்தப் பேனா" என்று தகராறு செய்ததில் முதலாளி போட்ட சட்டம். அதைக் கடைப்பிடிப்பதில் அண்ணன் போலீஸ்காரர். தெரியாத்தனமாக அந்த மேஜையில் வைத்த என் குடை ஒரு பெட்டியின் முகமாக மேடைக்கு வந்தது. என் குடையை என் வாயாலேயே ஏலம் கூறி விற்றேன். பக்கத்தில் நின்று அவர் சிரிக்கக்கூட இல்லை.

கூடத்தில் இப்படிப்பட்டவரின் வீடு எப்படி இருக்கும்? கத்தரிக்கோல் தேட அரை மணி. மின்சார பில் அரிசி டப்பாவில். அவர் மனைவி தபால் பிரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். ஊரார் கடிதத்தையெல்லாம் சரியான வீட்டுக்கு அனுப்புகிறவருக்குத் தன் வீட்டில் ஒரு குண்டூசி கிடைக்காது. "ஊருக்கெல்லாம் அடுக்கித் தர்றாரு, எனக்கு மட்டும் கலைச்சுத் தர்றாரு" என்பார் அண்ணி. ஒரே மகள். அந்தக் கலவரத்துக்கு நடுவிலேயே படித்துப் பட்டம் வாங்கி, குடிநீரைப் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் வேலைக்கு மனுப் போட்டாள். நானூறு பேரில் மூன்று பேரைக் கடைசி நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அவள் ஒருத்தி. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும், அசல் இல்லாதவர்கள் வாசலிலேயே திரும்பிப் போகலாம் என்று கடிதம். அசல் தொலைந்தால் வேறு வாங்க மூன்று மாதம் ஆகும்.

வெள்ளிக்கிழமை காலை மகள் தன் நீல ஃபைலை அப்பாவிடம் கொடுத்தாள். எங்கள் ஏலக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை. "எல்லாத்துலயும் ரெண்டு காப்பிப்பா, மறந்துடாதீங்க." எடுத்துப்போக அவர் மறக்கவில்லை. மறந்திருந்தால் ஃபைல் வீட்டிலேயே பத்திரமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை ஏலம் முடிந்து, சாயங்காலம் நான் வீட்டில் காலை நீட்டியிருந்தபோது ஃபோன் வந்தது. அண்ணன்தான்.

"தம்பி, பொண்ணு ஃபைல் கேக்கறா."

"கொடுங்களேன்."

"இல்லையே."

ஜெராக்ஸ் கடைக்காரர் வெள்ளிக்கிழமை அவர் வரவேயில்லை என்று சத்தியம் செய்தார். கூடத்தைத் திறந்து மூலைமுடுக்கெல்லாம் பார்த்தோம். அண்ணன் தன் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். வெள்ளிக்கிழமை மதியம், ஏலத்துக்கு முன்னால் சாமான் பார்க்க வந்தவர்கள் பெட்டிகளைக் கிண்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் அன்றைக்கே அவர் ஆறு பெட்டியையும் கொட்டி மறுபடி முதலிலிருந்து அடுக்கியிருந்தார். ஃபைல் அப்போது கையருகே இருந்திருக்கிறது. பேயறைந்த மாதிரி நின்றவர், வலது கையைத் தூக்கிப் பார்த்தார்.

"தட்டையா இருந்துச்சு தம்பி. அடியில வச்சிருப்பேன்."

"வச்சிருப்பேன்னா?"

"எனக்கு ஞாபகம் இல்ல. கைக்குத்தான் தெரியும்."

ஆறு பெட்டியில் ஃபைல் மடங்காமல் படுக்கிற அளவு பெரியது ஒன்றுதான். நான் பதிவேட்டைத் திறந்தேன். முப்பத்தொன்று.

அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "இருபத்தாறு வருஷமா ஒரு பொத்தானைக்கூட இடம் மாத்தி வைக்காத மனுஷன், பெத்த பொண்ணோட வாழ்க்கையைக் கட்டி ஏலத்துல வித்துட்டு வந்திருக்காரு," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மகள் அப்பாவின் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

பதிவேட்டில் முகவரி இருந்தது, ஃபோன் எண் இல்லை. வாங்கினவர் முகவரியை வெளியே சொன்னால் என் வேலை போகும். வெளியே சொல்லவில்லை, நானே ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. வழி நெடுக அண்ணன் என் முதுகுக்குப் பின்னாலிருந்து புலம்பிக்கொண்டே வந்தார்.

"அந்தம்மா சுறுசுறுப்பு தம்பி. நேத்து சாயங்காலமே பெட்டியைப் பிரிச்சிருப்பாங்க."

"பிரிக்கட்டுமே."

"பிரிச்சா, ஆகறது ஆகாததுன்னு ஒதுக்குவாங்க. பேப்பர்னா பழைய பேப்பர் கடைக்குத்தானே போகும்?"

ஒன்பது வருடமாக அந்த அம்மாளின் சுறுசுறுப்பைப் புகழ்ந்தவர், அன்றைக்கு அவர் சோம்பேறியாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு வந்தார். இன்னொரு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

அந்த வீடு மாடியில், இரண்டே அறை. அம்மாள் கதவைத் திறந்தார். மேடையிலிருந்து பார்த்துப் பழகிய முகம், கிட்டத்தில் இன்னும் சின்னதாக இருந்தது. என்னை உடனே தெரிந்துகொண்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். பெட்டியை அடுக்கினவர் இவர்தான் என்றும் சொன்னேன். அவ்வளவுதான், அந்த அம்மாளுக்கு நான் கண்ணிலேயே படவில்லை.

"நீங்களா? ஐயோ, வெளியிலேயே நிக்கறீங்களே, வாங்க, வாங்க."

முன்னறையில் ஒரு நீளமான அலமாரி. அதில் குவளைகள், ஓடாத கடிகாரங்கள், பீங்கான் பறவைகள், தூசி தட்டி வரிசையாக நின்றன. எல்லாம் முகங்கள். ஒவ்வொன்றையும் நான் கூவி விற்றிருக்கிறேன்.

"அந்தப் பெட்டிம்மா... நேத்து வாங்கினது... பிரிச்சுட்டீங்களா?" என்றார் அண்ணன்.

"உள்ளே இருக்கு, வாங்க."

உள்ளறையில் ஒரு கட்டில் இருந்தது. மீதி இடம் முழுவதும் பெட்டி. தரையிலிருந்து கூரை வரைக்கும், ஜன்னலில் பாதியை மறைத்து, நூறு பெட்டிக்குக் குறையாது. எல்லாவற்றிலும் அதே கயிறு, அதே இரட்டை முடிச்சு. மேலே முகம் கட்டியிருந்த நூல் மட்டும் அறுந்திருந்தது. ஒன்றும் திறக்கப்படவில்லை.

நான் அண்ணனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன்.

நேற்று வந்த பெட்டி கதவோரமாகவே இருந்தது. அவர் மண்டிபோட்டு உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். சாவிக்கொத்தை எடுத்து வைத்தார், சீசாக்களை எடுத்து வைத்தார், காகிதத்தில் சுற்றிய விளக்குக் கண்ணாடியை எடுத்து வைத்தார். அந்த அம்மாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, வேடிக்கை பார்க்கிற குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அடியில், ஒரு மூலைகூட மடங்காமல், நீல ஃபைல். அண்ணன் ஒவ்வொரு தாளாக எண்ணினார். ஏழு சான்றிதழும் இருந்தன. மகளுக்கு ஃபோன் போட்டு "இருக்கும்மா" என்றார். அந்தப் பக்கம் அவள் அழுதது எனக்கே கேட்டது.

அவ்வளவுதானே, கிளம்ப வேண்டியதுதானே. அவர் கிளம்பவில்லை. அந்தப் பெட்டிச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணைக்கூடத் திறக்கலையாம்மா?"

"முதல் பெட்டியைத் திறந்தேங்க. ஒரு ஊக்கு தேவைப்பட்டுச்சு. உள்ளே பார்த்தா அப்படி ஒரு ஒழுங்கு! ஒரே ஒரு ஊக்கைத்தான் எடுத்தேன். அப்புறம் எப்படி வச்சாலும் மூடி மூடவே இல்லை. ரெண்டு நாள் போராடினேன். அன்னியிலேருந்து எதையும் தொடறதில்லை. இவ்வளவு அக்கறையா ஒருத்தர் அடுக்கி வச்சதைக் கலைக்க எனக்கு மனசு வருமா, சொல்லுங்க?"

அந்த வேலைக்காக அவரை ஒருத்தர் பாராட்டி அன்றைக்குத்தான் கேட்டேன். முதலாளி பாராட்டியதில்லை, அண்ணி பாராட்டியதில்லை, நான் செய்த உபகாரம் உங்களுக்கே தெரியும். இருபத்தாறு வருடம் கழித்து வந்த பாராட்டு இந்த லட்சணத்தில் வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்திருக்க வேண்டியவன். சிரிப்பு வரவில்லை.

"ஏதாவது வேணும்னா என்ன பண்ணுவீங்க? ஒரு ஆணி, ஒரு பொத்தான்?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன, கீழேயே கடை இருக்கே," என்றார் அந்த அம்மாள்.

அண்ணன் எடுத்து வைத்ததையெல்லாம் திரும்பப் பெட்டியில் அடுக்கினார். ஃபைல் இருந்த இடத்தில் ஒரு பழைய அட்டையைக் கேட்டு வாங்கி வைத்தார். இல்லாவிட்டால் மேலே இருப்பது ஆடுமாம். கட்டி முடித்ததும் அம்மாள் பெட்டியை ஆட்டிப் பார்த்து, சத்தம் வரவில்லை என்று கைதட்டினார். திரும்பி வரும் வழியில் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மகளுக்கு வேலை கிடைத்தது. அண்ணி அவரோடு மறுபடி பேச ஆரம்பித்தார், அதாவது திட்ட ஆரம்பித்தார். வீடு பழைய நிலைக்கு வந்துவிட்டது.

கூடத்தில்தான் எல்லாம் மாறிப்போனது. அடுத்த வாரப் பெட்டிகளை அவர் அடுக்கவில்லை. இரண்டு கையாலும் வாரிப் போட்டார், மூடினார், கட்டினார், முகத்தை வைத்தார். மூன்று நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மீதி நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பெட்டிகள் எப்போதும் போகிற விலைக்கே போயின. ஒருத்தர்கூட வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. இருபது வருடமாக நான் சொன்னது சரியாகிவிட்டது. அதற்காக எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. எழுந்து பழையபடி அடுக்குங்களேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரை வந்தது. எந்த முகத்தோடு சொல்வது?

இப்படியே மூன்று வாரம் போனது. அடுத்த சனிக்கிழமை முப்பத்தொன்று வந்து தன் மாதப் பெட்டியை வாங்கிப்போனார். செவ்வாய்க்கிழமை கூடத்துக்கே வந்துவிட்டார். ஏலம் இல்லாத நாள். கீழே ஆட்டோவை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கப் படியேறி வந்து, என்னைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் மேஜைக்குப் பின்னால் இருந்தார், அம்மாளுக்குத் தெரியவில்லை.

"அவரு வேலையை விட்டுட்டாரா சார்?"

"ஏம்மா?"

"பெட்டியைத் தூக்கினா உள்ளே ஒரே கடகடன்னு சத்தம். என்னடா இதுன்னு திறந்துட்டேன். திறந்தா, குப்பை மாதிரி கொட்டி வச்சிருக்கு! அப்புறம் என்ன, கலைஞ்சது கலைஞ்சதுதானேன்னு கையை விட்டுக் கிண்டினேன். ஒரு பல்பு ஹோல்டர் இருந்துச்சு. குளியலறையில மூணு மாசமா விளக்கு இல்லாம இருந்தேன், அதைப் போட்டாச்சு. ரெண்டு பொத்தான் எடுத்துத் தைச்சேன். அதுக்குச் சொல்லலை. பொறுப்பில்லாம இப்படி வாரிக் கொட்டறவங்களை வேலைக்கு வைக்காதீங்க. நாளைக்கே நிறுத்துங்க."

"சொல்லிடறேம்மா," என்றேன்.

அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார். நான் திரும்பியபோது மேஜைக்குப் பின்னால் ஆள் இல்லை. பீரோ இறங்கிய இடுப்போடு அந்த மனிதர் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு ஓடினேன். ஆட்டோ கிளம்பிவிட்டது. அவர் பக்கத்திலேயே ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

"அம்மா! அந்த விளக்கு எரியுதா?"

"எரியுதே," என்றார் அந்த அம்மாள்.